வாஷிங்டன் பணம் நம் ஊர் நடைபாதைக்கு வந்து சேரும் வழி

2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு கலாட்டா நடந்தது. நகரங்களுக்கு மத்திய அரசு தரும் ‘சமுதாய மேம்பாட்டுத் தொகுப்பு மானியம்’ என்ற ஒன்றை அடியோடு நிறுத்திவிடலாம் என்று டிரம்ப் அரசு தன் முதல் பட்ஜெட் முன்வரைவில் சொன்னது. உடனே, முதியவர்களின் வீடு தேடிப் போகும் சாப்பாட்டை, அதாவது ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ திட்டத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. அந்தச் சாப்பாட்டுக்கும் இந்த மானியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றது மறுதரப்பு.

இரண்டு தரப்பும் சொன்னது பாதி சரி. முதியோர் சாப்பாட்டுக்கான மத்திய அரசின் பணம் பெரும்பாலும் 1965ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தின் வழியாக வருகிறது. ஆனால் சில ஊர்களில் நகரசபை தனக்கு வந்த மானியத்தில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்தது. பக்கத்து ஊர் அதே மானியத்தில் நடைபாதை போட்டிருக்கும். வாஷிங்டன் ‘சாப்பாட்டுக்கு’ என்று எழுதி அனுப்பவும் இல்லை, ‘நடைபாதைக்கு’ என்று எழுதி அனுப்பவும் இல்லை.

அப்படியானால் யார் தீர்மானிக்கிறார்கள்? கேட்டால் ஒருவர் மேயர் என்பார், இன்னொருவர் செனட்டர் என்பார். ‘விண்ணப்பம் போட்டால் நம் கணக்கிலேயே பணம் ஏறும்’ என்று வாட்ஸாப்பில் ஒருவர் லிங்க் அனுப்புவார். (அது மோசடி. தொடாதீர்கள்.) நாடாளுமன்றம் அந்த வெட்டை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நிதியாண்டில் தொகையை 3 பில்லியன் டாலரிலிருந்து 3.3 பில்லியனாகக் கூட்டித்தான் கொடுத்தது.

கட்டளைப் பணம்

கோயில்களில் ‘கட்டளை’ என்று ஒன்று உண்டு. யாரோ ஒரு பெரியவர் நிலத்தை எழுதி வைத்திருப்பார். அதில் வரும் வருமானத்தை இன்ன காரியத்துக்குத்தான் செலவிட வேண்டும். அறங்காவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அன்னதானக் கட்டளைப் பணத்தை எடுத்துக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க முடியாது. அதே சமயம், என்ன சமைப்பது, யாரை வைத்துச் சமைப்பது என்பதெல்லாம் அவர் பாடு.

அமெரிக்க நகரங்களுக்கு வரும் வீட்டுவசதிப் பணமும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1974க்கு முன்பு கட்டளை ரொம்பவே கறாராக இருந்தது. சாக்கடைக்கு ஒரு திட்டம், பூங்காவுக்கு ஒன்று, பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்ட இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நகரங்கள் தனித்தனியாக விண்ணப்பித்துப் போட்டி போட வேண்டும். ‘செவ்வாய்க்கிழமை, வடக்கு மண்டபத்தில், சர்க்கரைப் பொங்கல் மட்டும்’ என்கிற மாதிரி. 1974 ஆகஸ்ட் 22 அன்று, பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இவற்றையெல்லாம் ஒன்றாக்கி, ‘அன்னதானத்துக்கு’ என்று பொதுவாக எழுதிவிட்டது.

இப்படிப் பல நோக்கங்களுக்குச் சேர்த்து ஒரே தொகையாகத் தரப்படுவதுதான் தொகுப்பு மானியம். இதன் முழுப்பெயர் சமுதாய மேம்பாட்டுத் தொகுப்பு மானியம். நகராட்சி அலுவலகங்களில் சிடிபிஜி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இதை நடத்துவது 1965இல் உருவான வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை. எல்லாரும் சுருக்கமாக ‘ஹட்’ என்பார்கள்.

இதுவரை: பணம் வாஷிங்டனுடையது, நிபந்தனையும் வாஷிங்டனுடையது. அந்த நிபந்தனைக்குள் எதைச் செய்வது என்ற முடிவு ஊருடையது.

எந்த ஊருக்கு எவ்வளவு?

இங்கேதான் பெரிய குழப்பம். ‘நம் மேயர் போய்ப் பேசி வாங்கி வந்தார்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். யாரும் பேசி வாங்குவதில்லை. சூத்திரம் போட்டுக் கணக்குப் பார்த்து வரும் தொகை இது.

முதலில் நாடாளுமன்றம் மொத்தத் தொகையை முடிவு செய்கிறது. அதில் 70 விழுக்காடு பெரிய ஊர்களுக்கு நேரடியாகப் போகும். மீதி 30 விழுக்காடு மாநில அரசுகளிடம் போய், அங்கிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும். நேரடியாகப் பெறும் தகுதியுள்ள ஊர்களை ‘உரிமை பெற்ற ஊர்கள்’ என்கிறார்கள். ஒரு பெருநகரப் பகுதியின் முதன்மை நகரம், அல்லது அப்பகுதிக்குள் குறைந்தது 50,000 பேர் உள்ள நகரம், அல்லது இவற்றைக் கழித்த பிறகும் 2,00,000 பேர் உள்ள கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்றால் உரிமை உண்டு. நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 1,200 இருக்கின்றன. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் எடிசன், ஃப்ரீமான்ட், கேரி எல்லாம் இந்தப் பட்டியலில் உள்ள ஊர்கள்தான்.

சரி, இந்த ஊர்களுக்குள் எப்படிப் பிரிப்பது? ஹட் இரண்டு தராசுகள் வைத்திருக்கிறது.

முதல் தராசில் வறுமைக்குப் பாதி எடை. மக்கள்தொகைக்குக் கால் பங்கு, நெரிசலுக்குக் கால் பங்கு. நெரிசல் என்றால் ஓர் அறைக்கு ஒருவருக்கு மேல் வசிக்கும் வீடுகளின் எண்ணிக்கை.

இரண்டாவது தராசு 1977இல் சேர்ந்தது. வடகிழக்கிலும் பேரேரிப் பகுதியிலும் உள்ள பழைய தொழில் நகரங்களுக்கு முதல் தராசு நியாயம் செய்யவில்லை என்ற குறையால் வந்தது. அங்கே நெரிசல் இல்லை. ஆட்கள்தான் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கிளீவ்லாந்தைப் பாருங்கள். 1960இல் அங்கே 8,76,000 பேர், 2020இல் 3,72,000 பேர். குழாயும் பாலமும் ஒன்பது லட்சம் பேருக்குப் போட்டவை. வரி கட்ட நாலு லட்சம் பேர்கூட இல்லை. இதே காலத்தில் ஹூஸ்டன் 9,38,000இலிருந்து 23 லட்சத்துக்கு வளர்ந்தது. இரண்டு ஊர்களையும் ஒரே அளவுகோலால் அளப்பது எப்படி? அதனால் இரண்டாவது தராசில் 1940க்கு முன் கட்டிய வீடுகளுக்குப் பாதி எடை, வறுமைக்கு 30 விழுக்காடு, ‘வளர்ச்சிப் பின்னடைவு’க்கு 20 விழுக்காடு. 1960இலிருந்து மற்ற நகரங்களின் சராசரி வேகத்தில் வளர்ந்திருந்தால் இன்று இந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வித்தியாசம்தான் வளர்ச்சிப் பின்னடைவு.

ஒவ்வொரு ஊரையும் இரண்டு தராசிலும் நிறுத்து, எதில் கூடுதலாக வருகிறதோ அதைக் கொடுப்பார்கள். எல்லாருக்கும் கூடுதலைக் கொடுத்தால் பானையில் இருப்பது போதாது. அதனால் கடைசியில் எல்லாருடைய பங்கிலும் ஒரே விகிதத்தில் கொஞ்சம் குறைத்துவிடுவார்கள்.

இந்தச் சூத்திரத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய வீடு என்றால் இடிந்த வீடு என்று அது நினைக்கிறது. பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் வசதியானவர்களின் ஊர். அங்கே நூற்றாண்டு கண்ட வீடுகள் ஏராளம். பளபளவென்று புதுப்பித்து, மில்லியன் டாலர்களில் விலை போகிறவை. சூத்திரத்தின் கண்ணில் அவையும் 1940க்கு முந்தைய வீடுகள்தான். இதைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. திருத்தினால் யாரோ ஓர் ஊருக்குக் குறையும். குறையப்போகும் ஊருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறாரே.

பானையின் அளவையும் கவனிக்க வேண்டும். தொடங்கிய 1975ஆம் நிதியாண்டில் ஒதுக்கியது இரண்டரை பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது ஆண்டு விலைவாசி உயர்வுக்குப் பிறகு இப்போது 3.3 பில்லியன். உரிமை பெற்ற ஊர்களின் எண்ணிக்கையோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பந்தியில் ஆள் கூடிக்கொண்டே போகிறது, சோறு மட்டும் அதே அண்டாவில்.

இதுவரை: தொகையைச் சூத்திரம் தீர்மானிக்கிறது. ஏழைகள், கூட்டம், பழைய வீடு, ஆளில்லாமல் போன ஊர் ஆகியவைதான் அதில் உள்ள சரக்கு. கட்சியோ செல்வாக்கோ உள்ளே வர இடமில்லை.

எதற்குச் செலவிடலாம்?

ஒவ்வொரு செலவும் மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாக நுழைய வேண்டும். குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அல்லது சிதைந்துபோன இடத்தைச் சீர்செய்ய வேண்டும். அல்லது வெள்ளம், சூறாவளி மாதிரி உடனடி ஆபத்தைச் சமாளிக்க வேண்டும். பின்னிரண்டும் எப்போதாவது திறக்கும் வாசல்கள். பணத்தில் குறைந்தது 70 விழுக்காடு முதல் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

குறைந்த, நடுத்தர வருமானம் என்றால் என்ன? ஒரு வட்டாரத்தின் குடும்பங்களை வருமான வரிசைப்படி நிற்க வைத்தால், நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்தான் வட்டார இடைநிலை வருமானம். அதில் 80 விழுக்காட்டுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வருகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எல்லை கொஞ்சம் ஏறும், இறங்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் இது வேடிக்கையாக இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு அங்கே எல்லை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஊரிலிருந்து வந்திறங்கிய மென்பொருள்காரர் சம்பளக் கடிதத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், அப்புறம் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவதுண்டு.

பயன் யாருக்குப் போகிறது என்பதை எப்படி நிரூபிப்பது? கிழவி ஒருத்தியின் கூரையைச் சரிசெய்தால், அவர் வருமானச் சான்றைக் கோப்பில் வைத்தால் போதும். நடைபாதைக்கு? நடக்கிறவர்களிடமெல்லாம் சம்பளச் சீட்டு கேட்க முடியாது. அதனால் அந்த நடைபாதை எந்தக் குடியிருப்புப் பகுதிக்குப் பயன்படுகிறதோ, அங்கே வசிப்பவர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினர் வருமான எல்லைக்குள் இருந்தால் சரி என்று விதி. ‘எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் விளக்கு வரவில்லை?’ என்று கேட்பவருக்குப் பல நேரம் பதில் இந்த 51இல்தான் இருக்கிறது.

கூடாதவற்றின் பட்டியலும் உண்டு. நகரசபைக் கட்டடம் கட்டக்கூடாது. தேர்தல் வேலைக்கு ஒரு சென்ட் கூடாது. வழக்கமான பராமரிப்புச் செலவுக்குக் கூடாது. யாருக்கும் மாதாமாதம் கையில் காசாகக் கொடுக்கக்கூடாது. வீட்டுவசதி மானியம் என்று சொல்லிக்கொண்டே, புதிதாக வீடு கட்டவும் பொதுவாகக் கூடாது! பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், நிலம் வாங்கலாம், குழாய் போடலாம். இந்த விதியை முதல்முறை படித்தபோது நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் போய்ப் பார்த்தேன்.

பத்து லட்சத்தைப் பங்கு போடலாம்

ஒரு கற்பனை ஊருக்குப் பத்து லட்சம் டாலர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரசபை இதை எப்படிப் பிரிக்கும்?

திட்டமிடல், நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆக அதிகபட்சம் இரண்டு லட்சம். ஊழியர் சம்பளம், கணக்குத் தணிக்கை எல்லாம் இதற்குள். அடுத்தது பொதுச் சேவைகள். கட்டடமாகவோ சாலையாகவோ இல்லாமல் ஆட்கள் ஆட்களுக்குச் செய்யும் உதவிகள் இவை: முதியோர் சாப்பாடு, குழந்தைக் காப்பகம், வேலைப் பயிற்சி, வீட்டை விட்டு வெளியேற்றப்படுபவர்களுக்குச் சட்ட உதவி. இதற்குப் பொதுவாக 15 விழுக்காடு, அதாவது ஒன்றரை லட்சம்தான் எல்லை.

மீதி ஆறரை லட்சம் செங்கல், சிமென்ட் வகைக்கு. நடைபாதை, பூங்கா, சமுதாயக் கூடம், வீட்டுப் பழுது.

ஊரில் சண்டை நடப்பது ஆறரை லட்சத்துக்கு அல்ல, அந்த ஒன்றரை லட்சத்துக்குத்தான். தொண்டு நிறுவனங்கள் அத்தனையும் அந்தச் சின்னப் பானைக்குள் கையை விடும். உணவு வங்கிக்கு இருபதாயிரம் கொடுத்தால் குடும்ப வன்முறைக் காப்பகத்துக்குப் பதினைந்தாயிரம்தான் மிஞ்சும். மேலே சொன்ன 2017 கலாட்டாவும் இந்தப் பானையைப் பற்றியதுதான். ஊருக்கு ஊர் இதன் பங்கீடு வேறு என்பதால்தான் இரண்டு தரப்பாலும் நாலு உதாரணம் காட்டிச் சத்தம் போட முடிந்தது.

வீட்டுப் பழுதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஊர்கள் இதை இனாமாகக் கொடுப்பதில்லை. வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, வீட்டை விற்கும்போது திருப்பித் தந்தால் போதும் என்கின்றன. திரும்பி வரும் அந்தப் பணத்துக்குத் திட்ட வருமானம் என்று பெயர். அது நகரசபையின் பொதுக் கஜானாவில் கலக்காது. அதே விதிகளோடு அதே கட்டளைக்குத்தான் போக வேண்டும்.

கூடப்பிறந்த மானியங்கள்

சிடிபிஜியுடன் சேர்த்தே பேசப்படும் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ‘ஹோம்’. இது வீட்டுக்கு மட்டும். புதிதாகவும் கட்டலாம். ஆனால் ஊரும் தன் பங்காக டாலருக்கு 25 சென்ட் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கட்டிய வாடகை வீடுகளின் வாடகையை 20 ஆண்டுகள்வரை கட்டுக்குள் வைத்திருக்கவும் வேண்டும். சின்ன ஊருக்குத் தனியாக இது கிடைப்பது கடினம் என்பதால் அக்கம்பக்கத்து ஊர்கள் கூட்டணி சேர்ந்து வாங்கும்.

இன்னொன்று வீடற்றவர்களுக்கான அவசரத் தீர்வு மானியம். தெருவில் இருப்பவர்களைத் தேடிப் போவது, தங்குமிடம், மறுபடி ஒரு வாடகை வீட்டில் அமர்த்துவது ஆகியவை இதன் வேலை.

வாடகைக்கு உதவும் ‘செக்‌ஷன் 8’ வவுச்சர் இவற்றில் சேராது. அதை நடத்துவது பொது வீட்டுவசதி ஆணையம் என்ற தனி அமைப்பு. நகரசபைக் கூட்டத்தில் போய் வவுச்சருக்கு ஏன் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், கோபம் நியாயமானதுதான், கதவுதான் வேறு.

முடிவு எடுக்கப்படும் நேரம்

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரும் ஒரு ஒருங்கிணைந்த திட்டம் எழுதுகிறது. ஊரின் தேவை என்ன, எதற்கு முன்னுரிமை என்பது அதில் இருக்கும். அதற்குள் ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம்: இந்த வருடம் இன்னாருக்கு இவ்வளவு.

பல ஊர்களில் திட்ட ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கும். குளிர்காலத்தில் தொண்டு நிறுவனங்களிடம் விண்ணப்பம் வாங்கி, மதிப்பெண் போட்டு, வசந்தத்தில் வரைவை வெளியிடுவார்கள். மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு கருத்துக்கேட்புக் கூட்டங்கள். அப்புறம் நகரசபை வாக்கெடுப்பு. திட்ட ஆண்டுக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக ஹட்டுக்குப் போக வேண்டும். ஹட் அதற்குள் நிராகரிக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாக அர்த்தம். ஆக ஜூலையில் போட்ட நடைபாதையைப் பார்த்து ‘இதற்கா செலவு செய்வது?’ என்று கேட்பவர் ஏப்ரலில் கேட்டிருக்க வேண்டும்.

நான் ஒருமுறை இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். மேடையில் ஏழு பேர், எதிரே என்னையும் சேர்த்து ஆறு பேர். அதில் நாலு பேர் மானியம் கேட்கும் தொண்டு நிறுவனத்தவர். ஐந்தாமவர் ஒரு பாட்டி. தன் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடுவதில்லை என்று மூன்று நிமிடம் பேசினார். மணி அடித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடமும் இங்கே உண்டு. நாடாளுமன்றம் அக்டோபருக்குள் முடிக்க வேண்டிய பட்ஜெட்டை அடுத்த வசந்தம்வரை இழுப்பது வாடிக்கை. அதனால் எவ்வளவு வரும் என்றே தெரியாமல், போன வருடத் தொகையை உத்தேசமாக வைத்துத்தான் பல ஊர்கள் வரைவு எழுதுகின்றன. ‘கூடினால் இப்படிப் பங்கு, குறைந்தால் இப்படி வெட்டு’ என்று அதிலேயே ஒரு பத்தியும் சேர்த்துவிடுவார்கள்.

இதுவரை: எவ்வளவு என்பதைச் சூத்திரம் சொல்கிறது. எதற்கு என்பதை வசந்த காலத்தில், பாதி காலியான அரங்கில், நகரசபை முடிவு செய்கிறது.

பணம் கைக்கு வருவது

ஒப்புதல் கிடைத்ததும் லாரியில் பணம் வந்து இறங்காது. அரசுக் கஜானாவில் ஊரின் பெயரில் ஒரு வரம்பு திறக்கப்படும். செலவுக்கு ஏற்ப அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரிடமிருந்து பணம் பெற்று வேலையை நடத்தும் தொண்டு நிறுவனத்தைத் துணைப் பெறுநர் என்பார்கள். அவர்கள் பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்து, பில் காட்டித்தான் வாங்க வேண்டும். மூன்று மாதம் கைக்காசு போடத் தெம்பில்லாத சின்ன அமைப்புகள் இந்தப் பக்கமே வராமல் போவது இதனால்தான்.

இன்னொரு கயிறும் உண்டு. பணம் வாங்கும் ஒவ்வோர் ஊரும் ‘வீட்டுவசதியில் பாகுபாட்டைக் களைய நடவடிக்கை எடுக்கிறோம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டிய கட்டாயம் நீண்ட காலமாக இருந்து வந்தது. வெறும் சடங்கு என்று பலரும் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் கவுண்டி 50 மில்லியன் டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டு, இனப் பாகுபாட்டைப் பற்றி ஆராயாமலே கையெழுத்துப் போட்டு வந்தது என்று 2006இல் ஒரு தொண்டு அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2009இல் அந்த உறுதிமொழிகள் பொய்யானவை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் 62.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. 750 வீடுகளை, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் ஊர்களில், கட்டித்தர கவுண்டி ஒப்புக்கொண்டது.

செலவழிக்காமல் வைத்திருந்தாலும் ஆபத்துதான். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, கஜானாவில் கிடக்கும் தொகை ஓர் ஆண்டு மானியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடுத்த தவணையில் கை வைப்பார்கள். ஜூலைத் தொடக்க ஊர்களுக்கு அந்த நாள் மே 2. பிப்ரவரி, மார்ச்சில் நகராட்சி மேம்பாட்டுத் துறைக்காரரிடம் பேசிப்பாருங்கள், குரலிலேயே பதற்றம் தெரியும். சமுதாயக் கூடத்துக்கு டெண்டர் விட்டு முடிக்க எட்டு மாதம் ஆகும். அதற்குள் பணத்தை எங்கே செலவழிப்பது?

விதியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. கருவிகள், வாகனங்கள் வாங்கப் பொதுவாக அனுமதி இல்லை, ஆனால் தீயணைப்புச் சாதனங்களுக்கு விலக்கு உண்டு. சாதனத்தை வாங்கும் தீயணைப்பு நிலையம் காக்கும் பகுதி 51 விழுக்காட்டுக் கணக்கில் தேறினால் போதும். ஒரே பில், பெரிய தொகை, சீக்கிரம் முடியும் வேலை. வசந்த காலத்தில் ஏழைகள் வாழும் பகுதியின் தீயணைப்பு நிலைய வாசலில் புத்தம்புது சிவப்பு வண்டி நின்றால், அதன் பின்னால் ஒரு மே 2 இருக்க வாய்ப்புண்டு.